கம்பெனி மூடிப்போன ட்ரையல்ஸ் வண்டியை வாங்கலாமா?

ரெண்டாங்கியர்:

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்க்காரன், வேலைக்காகப் பார்சலோனா வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் நடக்கப் போயிருந்தேன். சீட்டே இல்லாத ட்ரையல்ஸ் வண்டியில் ஒரு பெரியவர் நின்றபடியே என் தோளுயரப் பாறை மேல் ஏறினார். அங்கேயே திரும்பி இறங்கி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மூக்கைச் சிந்தினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இப்போது மூன்று வண்டி கண்ணில் பட்டிருக்கிறது. 2012 ஓசா டிஆர்280ஐ, 2006 காஸ் காஸ் ப்ரோ 250, 2005 ஸ்கோர்பா எஸ்வை250. மூன்றுமே 1,800 யூரோவை ஒட்டித்தான் சொல்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், மூன்று கம்பெனியும் ஒரு தடவையாவது கடன்காரர்கள் முன்னால் கைகட்டி நின்றவை. ஓசா இப்போது வண்டியே செய்வதில்லை. வாங்கினால் அப்புறம் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியிருக்குமா? ஓரளவு ஸ்பேனர் பிடிப்பேன். எங்கள் வீட்டு எம்80-ஐப் பத்து தடவை பிரித்து, ஒன்பது தடவை சரியாக மாட்டியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

மூன்றும் வேண்டாம். இன்னும் ஆயிரம் யூரோ சேர்த்து மொன்டேசா கோட்டா 4ஆர்டி வாங்குங்கள். 2005-இல் வந்தது, நாலு ஸ்ட்ரோக், இன்ஜெக்‌ஷன், உள்ளே இருப்பது ஹோண்டா. மொன்டேசா 80களிலிருந்தே ஹோண்டாவின் கையில் இருக்கிறது. ட்ரையல்ஸ் வீரர் டோனி போ 2007 முதல் 2025 வரை வருஷம் தவறாமல் உலகப் பட்டம் வாங்கியதும் மொன்டேசாவில்தான். கொஞ்சம் கனம், அவ்வளவுதான். வண்டி பொழுதுபோக்கு, பார்ட்ஸ் தேடுவது வேலை. ஞாயிற்றுக்கிழமை எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஈரச்சப்பாத்து:

தம்பி ரெண்டாங்கியர், கணக்குப்பிள்ளை சொல்வது பிழையில்லை. ஆனால் கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். நான் யோக்ஷயரில் இருக்கிறேன். பதினெட்டு வருசமாக ஸ்கோர்பா எஸ்வை250 வைத்திருக்கிறேன். வாங்கி இரண்டு வருசத்தில், 2009-இல், கம்பெனி படுத்துவிட்டது. ஷெர்கோ என்கிற இன்னொரு ட்ரையல்ஸ் கம்பெனி வாங்கிப் பெயரை உயிரோடு வைத்திருக்கிறார்கள், ஆனால் இன்றைய ஸ்கோர்பாவில் இருப்பது ஷெர்கோ எஞ்சின். என்னுடையதற்கும் அதற்கும் ஸ்டிக்கர் ஒன்றுதான் உறவு.

அப்படியிருந்தும் என்னுடையது ஓடுகிறது. காரணம், அதன் எஞ்சின் ஸ்கோர்பா செய்தது அல்ல. யமஹா 1993-இல் டிவைஇஸட்250 என்று ஒரு ட்ரையல்ஸ் வண்டி விட்டதே, அந்த எஞ்சினைத்தான் 2000 வாக்கில் தொடங்கி ஸ்கோர்பா வாங்கிப் பொருத்தியது. எனவே பிஸ்டன், ரிங், கேஸ்கட் என்று தேடும்போது நான் தேடுவது பிரான்ஸில் அலெஸ் நகரத்து ஸ்கோர்பா என்கிற சின்னக் கம்பெனியின் பாகத்தை அல்ல, யமஹா பாக எண்ணை. கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காதே, கம்பெனி செத்தால் வண்டியில் எது எது கூடச் சாகும் என்று பார்.

சாகாத பகுதி நீ நினைப்பதைவிடக் கூட. ட்ரையல்ஸ் கம்பெனி என்பது பெரும்பாலும் பிரேமும் எஞ்சினும் செய்து, மிச்சத்தை வெளியே வாங்கிப் பூட்டுகிற இடம். முன் போர்க் ஒரு இத்தாலியன் கம்பெனி, பிரேக் ஏஜேபி, காபரேட்டர் டெலோர்ட்டோ அல்லது கெய்ஹின் அல்லது மிக்குனி. பின் ரயர் எல்லாருக்கும் ஒரே 4.00-18, முன்னுக்கு 2.75-21, செயின் 520. இதெல்லாம் பத்துக் கம்பெனிக்குப் பொது. ஒருத்தர் போனாலும் மற்றவர்களுக்காகச் செய்துகொண்டே இருப்பார்கள்.

பேரிங், சீல் இரண்டும் இன்னும் சுலபம். பழைய பேரிங்கைத் துடைத்துவிட்டு விளிம்பில் இருக்கிற எண்ணை வாசி. 6204 என்றிருந்தால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, தடிப்பு 14. உலகத்தில் எந்தப் பேரிங் கடையிலும் அதே அளவுதான். மோட்டர்சைக்கிள் கடையில் அதையே உறையில் போட்டு, பெயர் ஒட்டி, மூன்று மடங்கு வாங்குவார்கள்.

கூடச் சாவது எது? கிளட்ச் கூடை, கியர்ச் சில்லுகள், கிக் பல்லுகள், எஞ்சின் மூடிகள், இன்ஜெக்‌ஷன் இருந்தால் அதன் கணினிப் பெட்டி. பிறகு பிளாஸ்டிக். பின் மட்கார்ட் ஒன்று உடைந்தால் எஞ்சினைவிடக் கவலை தரும், சொன்னால் நம்பமாட்டாய்.

ரெண்டாங்கியர்:

6204! அண்ணா, எங்கள் ஊர் பம்ப்செட் மோட்டாரில் மாட்டுகிற பேரிங் அது. கோவை கணபதி ஏரியாவில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இப்போதே பாதிப் பயம் போய்விட்டது.

கருங்கல்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், ஓசூரிலிருந்து எழுதுகிறேன். ட்ரையல்ஸ் என்றால் மோட்டோக்ராஸ் மாதிரி ரேஸா? ஷெர்கோ என்ற பேர் மட்டும் தெரியும். எங்கள் டிவிஎஸ் அவர்களோடு சேர்ந்துதானே டக்கார் ராலிக்கு டீம் அனுப்பியது.

ஈரச்சப்பாத்து:

அதே ஷெர்கோதான். அந்தப் பெயரே, புல்டாக்கோ என்ற பழைய ஸ்பெயின் கம்பெனியின் பெயரையும் அவர்களுடைய ஷெர்பா வண்டியின் பெயரையும் ஒட்டிச் செய்தது. ட்ரையல்ஸ் ரேஸ் இல்லை, வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, சேறு, ஓடை என்று நாடா கட்டிய ஒரு துண்டுப் பாதையைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1, இரண்டுமுறை 2, அதற்கு மேல் எத்தனையானாலும் 3, விழுந்தால் அல்லது வெளியே போனால் 5. குறைந்த புள்ளி எடுத்தவர் வெல்வார். சீட் வேண்டாம், ஏனென்றால் யாரும் இருப்பதில்லை. வண்டி எழுபது கிலோ அளவில்தான் வரும். பின் ரயரில் காற்று 4, 5 பிஎஸ்ஐ. கையால் அமுக்கினால் உள்ளே போகும்.

வில்லியர்ஸ் தெரு:

ஈரச்சப்பாத்து சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. எனக்கு வயது எழுபத்திரண்டு, வுல்வர்ஹாம்ப்டனில் இருக்கிறேன். வில்லியர்ஸ் எஞ்சின் கம்பெனி 1898-இல் தொடங்கிய ஊர் இது, என் பெயர்க்காரணமும் அதுதான். சென்னைப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு என்ஃபீல்டின் ஃபான்டாபுலஸ் ஸ்கூட்டர் நினைவிருக்கலாம். அதில் இருந்தது வில்லியர்ஸ் 175. என் மாமா ஒன்று வைத்திருந்தார், புகையைப் பார்த்தே அவர் வருவது தெரியும்.

என்னிடம் இருப்பது கிரீவ்ஸ். எஸ்ஸெக்ஸில் தண்டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் செய்த வண்டி. முன்பக்கத்து பிரேம் குழாய்க்குப் பதில் அலுமினியத்தில் வார்த்த தடித்த உத்தரம் ஒன்று இருக்கும், பார்த்தால் ரயில் பாலம் மாதிரி. அவர்களும் எஞ்சினை வில்லியர்ஸில் வாங்கிப் பொருத்தினார்கள். டாட், காட்டன், ஜேம்ஸ், பிரான்சிஸ்-பார்னெட் என்று அந்தக் காலத்துச் சின்னக் கம்பெனிகள் பலவற்றுக்கும் கதை இதுதான். 60களின் கடைசியில் வில்லியர்ஸ் வெளியாருக்கு எஞ்சின் கொடுப்பதை நிறுத்தியது. ஒவ்வொன்றாக எல்லாம் தள்ளாட ஆரம்பித்தன. 1969-இல் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையலில் பில் வில்கின்சன் கிரீவ்ஸில் ஜெயித்தார். சில வருடங்களில் கம்பெனியே இல்லை.

ஆக, வாங்கிய எஞ்சின் கம்பெனிக்குச் சுருக்குக் கயிறு. அதே எஞ்சின் வாங்கியவனுக்கு உயிர்க்கயிறு. ஐம்பது வருடம் கழித்தும் என் கிரீவ்ஸுக்கு வில்லியர்ஸ் பாகம் கிடைக்கிறது. காரணம், அந்த எஞ்சின் புல்வெட்டும் மெஷின்காரன் முதல் எல்லாருக்கும் சொந்தமாக இருந்த குடும்பம்.

புல்டாக்கோவும் அப்படித்தான். சாமி மில்லர் 1965-இல் ஷெர்பாவில் ஆறு நாள் ட்ரையலை ஜெயித்த பிறகு ஊரெல்லாம் வாங்கினார்கள். 1983-இல் மூடிய கம்பெனி, இன்றைக்கும் பிஸ்டன் முதல் டேங்க் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். வண்டி ஆயிரக்கணக்கில் இருந்தால் யாராவது பாகம் செய்வான். நூற்றுக்கணக்கில் இருந்தால் செய்யமாட்டான்.

முன்மூச்சு:

யாருமே ஓசா பக்கம் பேசாததால் எழுதுகிறேன். துலூஸில் இருக்கிறேன், டிஆர்280ஐ இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று ஓட்ட, ஒன்று உரிக்க.

என்ன வண்டி தெரியுமா இது! சிலிண்டரைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். மூச்சு முன்பக்கம் இழுக்கும், புகை பின்பக்கம் போகும். அதனால் எக்ஸாஸ்ட் குழாய் எஞ்சினைச் சுற்றி வர வேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜெக்‌ஷன், அதுவும் பேட்டரி கிடையாது, கிக் உதைக்கிற வேகத்திலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகும். 2010 வாக்கில் இதைச் செய்தவர்கள் வெறும் கையளவு ஆட்கள். பழைய ஓசா பார்சலோனாவில் சினிமா புரொஜெக்டர் செய்த கம்பெனி. ஆர்ஃபியோ சின்க்ரானிக் சொசைட்டி என்பதன் சுருக்கம்தான் ஓசா. மிக் ஆண்ட்ரூஸ் 1970, 71, 72 என்று தொடர்ந்து ஆறு நாள் ட்ரையலை ஜெயித்தது அதில். 80களில் மூடியதை ஜிரோனாவில் திரும்பத் தொடங்கினார்கள். 2014-இல் காஸ் காஸோடு இணைத்தார்கள். நீந்தத் தெரியாத இரண்டு பேர் கைகோத்த கதை. 2015-இல் இரண்டும் சேர்ந்து மூழ்கின.

ஆனால் தம்பி, நீங்கள் வாங்காதீர்கள். முதல் வண்டியாக வேண்டாம். எல்லாமே அவர்களே யோசித்துச் செய்தது, வேறு எதற்கும் பொருந்தாது. கணினிப் பெட்டி போனால் வண்டி அலமாரிப் பொம்மைதான். நான் இரண்டாவதை வாங்கியதே அந்தப் பெட்டிக்காக. விற்பவர் கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பாகம் தந்தால் மட்டும் யோசியுங்கள். அப்படி ஒருவர் இருந்தால், எனக்கும் தனிமடலில் சொல்லுங்கள் :)

கணக்குப்பிள்ளை:

ஒன்று ஓட்ட, ஒன்று உரிக்க. இதைத்தான் சார் நான் சொன்னேன். இரண்டு வண்டி விலையில் ஒரு வண்டி. இதற்குப் பேர் மலிவா?

முன்மூச்சு:

மலிவு என்று நான் எங்கே சொன்னேன்?

ஈரச்சப்பாத்து:

கணக்குப்பிள்ளை, பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்பதும் கொஞ்சம் பழைய கணக்கு. காஸ் காஸ் கதையையே பாருங்கள். 1985-இல் ஜிரோனா பக்கத்தில் சால்ட் என்ற ஊரில் புல்டாக்கோ விற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர் தொடங்கியது. ஜோர்டி தாரெஸ் 93, 94, 95 என்று மூன்று உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார், ஆதம் ராகா 2005, 2006. இவ்வளவுக்குப் பிறகும் 2015-இல் முறிந்தது. டோரோட் என்கிற உள்ளூர் கம்பெனி வாங்கியது, 2019-இல் கேடிஎம் கைக்குப் போனது. சரி, இனிப் பயமில்லை என்று எல்லாரும் மூச்சு விட்டோம். 2024 நவம்பரில் கேடிஎம்மே நீதிமன்றப் படி ஏறியது. கடைசியில் 2025-இல் காசு கட்டிக் காப்பாற்றியது பஜாஜ்.

கருங்கல்:

அப்படியானால் அந்த 2006 காஸ் காஸுக்கு இப்போது பூனாவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

ரெண்டாங்கியர்:

நேற்று காஸ் காஸையும் ஸ்கோர்பாவையும் பார்த்துவிட்டு வந்தேன். ஓசாவை விட்டுவிட்டேன், முன்மூச்சு சார் சொன்னதைக் கேட்ட பிறகு தைரியம் இல்லை.

காஸ் காஸ்காரர் வெள்ளையடித்த கார் ஷெட்டில் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். எஞ்சின் சின்னதாக, தேங்காய் அளவுக்கு இருக்கிறது. இரண்டு உதையில் ஸ்டார்ட். ஆனால் கியர் போட்டதும், கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகர்ந்தது. 'குளிரில் அப்படித்தான்' என்றார். உண்மையா?

ஸ்கோர்பா வேறு மாதிரி. கொட்டகையில் கோழிகளோடு நின்றது. சங்கிலி துரு, சீட் என்று சொல்கிற பஞ்சு கிழிந்திருந்தது. ஆனால் ஓனர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். 2005-லிருந்து எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினார், எந்த சீல் போட்டார், அளவு என்ன என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். கட்டலானில்தான், ஆனால் எண் எண்தானே.

ஈரச்சப்பாத்து:

குளிரில் கிளட்ச் ஒட்டி நிற்பது ட்ரையல்ஸ் வண்டிக்கு வழக்கம்தான். கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் ஓடாமலே இரண்டுதரம் முன்னும் பின்னும் ஆட்டினால் தட்டுகள் விடுபடும். சூடான பிறகும் இழுத்தால்தான் யோசிக்க வேண்டும். ப்ரோவின் கிளட்சில் சுருள் ஸ்பிரிங் வரிசை கிடையாது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒற்றை ஸ்பிரிங். உராய்வுத் தட்டுகளும் ஒரு சில மட்டும். அதனால் தட்டுகளை அடுக்கினால் வருகிற மொத்தத் தடிப்பில் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் லீவரில் தெரியும். பிழை என்று சொல்லமாட்டேன், அந்த வண்டியின் குணம் அது. வெர்னியர் அளவுகோல் இல்லாதவன் அதற்குள் கை வைக்கக் கூடாது. நான் நண்பனுடையதில் அளக்காமல் தட்டு மாற்றி, ஒரு முழு ஞாயிறும் அவனைத் தள்ளிக்கொண்டு திரிய வைத்தேன். ப்ரோவின் நல்ல பக்கம், 2002-இல் வந்த அந்த எஞ்சின் குடும்பத்தை வைத்துத்தான் வருசக் கணக்காக ஓட்டினார்கள். வண்டிகள் ஊரெல்லாம் உண்டு. வில்லியர்ஸ் தெரு ஐயா சொன்ன ஆயிரக் கணக்கு இங்கே பொருந்தும்.

ஸ்கோர்பாக்காரரின் கொப்பியைப் பார்த்ததும் நான் என்றால் அங்கேயே காசைக் கொடுத்திருப்பேன். ஆனாலும் இன்னொருமுறை போய் இதைப் பார். பின் சில்லை நிலத்திலிருந்து தூக்கி, மட்கார்டைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல ஆட்டு. டொக் என்று சத்தம் வந்தால் பின் சஸ்பென்ஷன் லிங்கேஜின் ஊசிப் பேரிங் தேய்ந்திருக்கும். ஓடைத் தண்ணீரும் பிரஷர் வாஷரும் சேர்ந்து செய்கிற வேலை அது. எனக்கு அப்படித்தான் போனது, நானே அழுத்தித் தண்ணீர் அடித்து உள்ளே இருந்த கிரீஸைக் கழுவிவிட்டேன். புட்ரெஸ்ட் பூட்டுகிற இடத்தில் பிரேமில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா பார். பிறகு கியர்ப் பெட்டி ஒயிலை ஒரு கரண்டி எடுத்துப் பார்க்கக் கேள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் வாட்டர் பம்ப் சீல் போய்க் கூலன்ட் உள்ளே வருகிறது என்று பொருள். சீல் சில்லறைக் காசு. ஆனால் அப்படியே ஓடியிருந்தால் பேரிங்குகளைச் சந்தேகப்பட வேண்டும்.

வில்லியர்ஸ் தெரு:

மறந்துவிட்டேனே, ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி தள்ளாடும்போது கடைக்காரருக்கு முன்பணம் கட்டாதீர்கள். பெயர் வேண்டாம், இங்கே ஒரு கடையில் நான் கியர் செட்டுக்கு 200 பவுண்டு முன்பணம் கட்டினேன். 'அடுத்த வாரம் வருகிறது' என்று ஏழு மாதம் சொன்னார். எட்டாவது மாதம் கடைக்கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பாகம் கையில் வந்தால் காசு. அல்லது கார்டில் கட்டுங்கள், வங்கியிடமாவது கேட்கலாம்.

கணக்குப்பிள்ளை:

இதை ஆமோதிக்கிறேன். இந்த இழையில் நான் ஆமோதிக்கிற முதல் விஷயம்.

ரெண்டாங்கியர்:

வாங்கிவிட்டேன். ஸ்கோர்பா. 1,800 சொன்னதை 1,550-க்குக் கொடுத்தார், நோட்டுப் புத்தகம் இலவசம். எண்ணெய் சுத்தம். லிங்கேஜில் மட்டும் டொக்.

வீட்டில் பால்கனிதான் பட்டறை. முதல் வாரம் லிங்கேஜ் கழற்றினேன். ஒரு பேரிங்கில் பாதி ஊசிகள் துருப்பொடியாகக் கொட்டின, மீதியை மனைவியின் இட்லித் தட்டில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன். அது தனிக் கதை. எண்ணைப் படித்து, இண்டஸ்ட்ரியல் பேரிங் கடைக்குப் போய்க் கொடுத்தேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்கவே இல்லை, ரேக்கிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். நான்கு சேர்த்து ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுக் காசு.

பெட்ரோலில் எண்ணெய் 80-க்கு 1 என்று நோட்டில் இருக்கிறது, அதாவது லிட்டருக்கு 12.5 மி.லி. இவ்வளவு குறைவாகவா? எம்80-க்கு இதைவிட நிறைய ஊற்றுவோமே.

இன்னொரு சந்தேகம். கிக் ஷாஃப்ட் சீலில் எண்ணெய் கசிகிறது. அந்த சீல் பற்றி மட்டும் நோட்டில் ஒன்றும் இல்லை. பழைய சீலில் எழுத்து தேய்ந்து, '…×5' மட்டும்தான் தெரிகிறது.

ஈரச்சப்பாத்து:

80-க்கு 1 சரி, நல்ல சிந்தெட்டிக் ஒயில் என்றால். ட்ரையல்ஸ் எஞ்சின் நாள் முழுக்க மெதுவாகத்தான் சுற்றுகிறது. கூட ஊற்றினால் புகையும், பிளக் கறுக்கும்.

சீல் அளவு மூன்று எண்: ஷாஃப்ட் விட்டம், சீல் உட்காருகிற கூட்டின் விட்டம், அகலம். கடைசி உனக்கு இருக்கிறது, 5. பழைய சீலை அளக்காதே, அது ரப்பர், விரிந்திருக்கும். சீலைக் களற்றிவிட்டு ஷாஃப்டையும் கூட்டையும் வெர்னியரில் அள, ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில். ஷாஃப்டில் சீல் உதடு உரசிய இடத்தில் நகம் மாட்டுகிற மாதிரிப் பள்ளம் இருந்தால் சொல்லு, புதுச் சீலை ஒரு மி.மீ. தள்ளி அடிக்கலாம். அடிக்க முன் உதட்டில் கிரீஸ் பூசு, பல் முனையில் கிழியாமல் இருக்க ஷாஃப்ட் நுனியில் ஒரு சுற்று டேப் ஒட்டு.

அளவு வந்ததும் அந்தக் கொப்பியில் எழுதிவை. பென்சிலில்.

ரெண்டாங்கியர்:

வெர்னியர் வாங்க இப்போதே கிளம்புகிறேன்.

முன்மூச்சு:

போகிற வழியில் அந்த ஓசா விற்றுவிட்டதா என்று மட்டும் எட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா?